மரத்தில் ஒரு முகம்: ஸ்க்ரோல் சா கொண்டு உருவப்படம் அறுப்பது எப்படி

பாரதியின் முகத்தை நாலைந்து கறுப்புத் திட்டுகளில் சொல்லிவிடலாம். முண்டாசின் மடிப்பு, புருவத்தோடு சேர்ந்த கண்கள், மீசை, கோட்டு. சுவரில் கரித்துண்டால் கிறுக்கினாலும் யாரென்று தெரிந்துவிடும். மெல்லிய பலகை ஒன்றில் அந்தக் கறுப்பு இடங்களை மட்டும் அறுத்து வெளியே எடுத்துவிட்டு, பின்னால் கறுப்பு அட்டை ஒன்றை வைத்தால் அதே முகம் மரத்தில் வந்து நிற்கும். ஸ்க்ரோல் சா உருவப்படத்தின் அடிப்படை இவ்வளவுதான். இதில் செதுக்கு வேலை கிடையாது, வண்ணமும் கிடையாது. மரம் இருக்கும் இடம் வெளிச்சம், இல்லாத இடம் நிழல்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் எந்த மெஷின் வாங்குவது என்பதிலேயே மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். மெஷின் முக்கியம்தான். ஆனால் கெட்டுப்போன உருவப்படங்களை எடுத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை மரத்தில் கை வைப்பதற்கு முன்பே, காகிதத்தில் இருக்கும்போதே கெட்டுப்போனவை. அதனால் இந்தக் கட்டுரையில் மெஷினுக்குக் கொஞ்சம் இடம், படம் தயாரிப்பதற்கு நிறைய இடம்.

மெஷின்

ஸ்க்ரோல் சா என்பது மேசை மேல் நிற்கும் சிறிய வாள் இயந்திரம். மேலும் கீழும் இரண்டு கைகள். நடுவில் நூல் மாதிரி மெல்லிய பிளேடு, சுமார் 5 அங்குல நீளம். அது மேலும் கீழுமாக ஓடும். நாம் பலகையைத் தட்டின் மேல் வைத்துத் திருப்பித் திருப்பி நகர்த்த வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் இதைக் காலால் மிதித்து ஓட்டினார்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில் இருந்த பார்ன்ஸ் சகோதரர்களின் கம்பெனி செய்த மிதி இயந்திரங்கள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. மோட்டார் வந்ததைத் தவிர அடிப்படை மாறவில்லை.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். முதலாவதும் மிக முக்கியமானதும்: முனையில் குறுக்கு ஆணி இல்லாத பிளேடை அது பிடிக்குமா? மலிவான சில மெஷின்கள் ஆணி வைத்த பிளேடை மட்டுமே ஏற்கும். அந்த ஆணி நுழைய வேண்டுமென்றால் 4, 5 மி.மீ. துளை போட வேண்டியிருக்கும். கண்ணின் கருவிழியே அவ்வளவு பெரிதாக இருக்காது. அப்படிப்பட்ட மெஷினில் உருவப்படம் செய்ய முடியாது, அவ்வளவுதான். சிலவற்றில் இரண்டு வகையும் மாட்ட அடாப்டர் தருவார்கள், அது போதும்.

இரண்டாவது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி. பிளேடு ஏறி இறங்குவதை நிமிடத்துக்கு 400 முதல் 1,600 முறை வரை மாற்ற முடிந்தால் நல்லது. மூன்றாவது, பிளேடுக்கும் பின்தூணுக்கும் இடையே உள்ள தூரம். 16 அங்குல மெஷின் என்றால் அந்தத் தூரம் 406 மி.மீ. ஏ4 தாளின் மூலைக்கு மூலை அளவு 364 மி.மீ. தான். ஆகவே ஏ4 அளவுப் படத்தை அதில் எந்தப் பக்கமும் தாராளமாகத் திருப்பலாம். ஏ3 படம் இடிக்கும். முதல் ஒரு வருஷத்துக்கு ஏ4 தாண்டப் போவதில்லை என்பதால் 16 அங்குலமே போதுமானது.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் மெஷின் கொண்டுவரச் சொல்லும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் மோட்டார் புகைந்துவிடும்.

மெஷினைக் கனமான மேசையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். ஆடும் மேசையில் எவ்வளவு விலையுயர்ந்த மெஷினும் நடுங்கும். தட்டு பிளேடுக்குச் சரியாக 90 டிகிரியில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. தடித்த மரத்துண்டு ஒன்றில் லேசாக ஒரு வெட்டு போடுங்கள். மெஷினை நிறுத்திவிட்டு, அந்தத் துண்டைப் பிளேடின் பின்பக்கம் கொண்டுபோய், அதே வெட்டை முதுகுப் பக்கமாகப் பிளேடோடு பொருத்திப் பாருங்கள். வழுக்கி உள்ளே போனால் சரி. போகவில்லை என்றால் தட்டு சாய்ந்திருக்கிறது. மெஷினோடு வரும் டிகிரி அளவுகோலை நம்ப வேண்டாம்.

இப்போதைக்கு மெஷின் வாங்க வசதி இல்லை என்றால், யு வடிவச் சட்டம் கொண்ட கை ஃப்ரெட் சாவிலும் தொடங்கலாம். மேசை ஓரத்தில் வி வெட்டு போட்ட பலகையைக் கிளாம்ப் வைத்துக் கட்டி, அதன் மேல் வைத்து அறுக்க வேண்டும். மெதுவாகத்தான் போகும், ஆனால் கை பழகும்.

பிளேடு

பிளேடுகளுக்கு எண் உண்டு. எண் ஏற ஏறத் தடிமன் கூடும். 2-ஆம் எண் பிளேடு அகலத்தில் முக்கால் மி.மீ., கனத்தில் 0.3 மி.மீ. அளவு. 5-ஆம் எண் ஏறக்குறைய 1 மி.மீ. அகலம். உருவப்படத்துக்கு 1 அல்லது 2-ஆம் எண் சரியாக இருக்கும். அதற்கும் கீழே 2/0 என்று இன்னும் மெல்லியது உண்டு. நுணுக்கமாக அறுக்கும், ஆனால் சற்று அழுத்தினாலே ஒடிந்துவிடும். தொடக்கத்தில் வேண்டாம்.

‘ரிவர்ஸ் டூத்’ என்று கேட்டு வாங்குங்கள். அதன் அடிப்பகுதியில் இருக்கும் சில பற்கள் மட்டும் மேல் நோக்கித் திரும்பியிருக்கும். அவை பலகையின் அடிப்பக்கம் சிராய் கிளம்பாமல் பார்த்துக்கொள்ளும். மாட்டும்போது மற்ற பற்கள் கீழ் நோக்கியும் உங்களைப் பார்த்தும் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால், மெஷின் நிற்கும்போது விரலைப் பிளேடின் முன்விளிம்பில் மேல் நோக்கி மெதுவாகத் தடவுங்கள். மாட்டி இழுத்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

முறுக்கிய கம்பி போன்ற ஸ்பைரல் பிளேடும் உண்டு. அதற்கு எல்லாப் பக்கமும் பல் இருப்பதால் பலகையைத் திருப்பவே வேண்டாம். முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்தினால் போதும். உருவப்படக்காரர்களில் பாதிப் பேர் இதைத்தான் கொண்டாடுவார்கள். எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. கூர்மையான மூலைகள் மழுங்கிப் போகின்றன, வெட்டும் சற்று அகலமாக விழுகிறது. தட்டையான பிளேடில் கோட்டைப் பிடித்துப் போகப் பழகிய பிறகு ஸ்பைரலுக்குப் போவதே நல்லது. மாறிப் பழகினால் கை சோம்பலாகிவிடும்.

பொற்கொல்லர் கருவிக் கடைகளில் இதே நீளத்தில், இதே எண்களில் பிளேடு கிடைக்கும். மெஷினில் மாட்டவும் முடியும். ஆனால் அது உலோகம் அறுப்பதற்கானது. பற்கள் மிகப் பொடியாக இருப்பதால் மரத்தூள் அடைத்துக்கொண்டு பலகை கருகும்.

பிளேடு இறுக்கமாக இருக்க வேண்டும். விரலால் சுண்டினால் டொப்பென்று இல்லாமல் கம்பி நாதம் போலக் கேட்க வேண்டும். பக்கவாட்டில் அழுத்தினால் 3 மி.மீ.க்கு மேல் வளையக் கூடாது. புதியவர்கள் பிளேடு ஒடிந்துவிடுமோ என்று பயந்து தளர்வாக மாட்டுவார்கள். தளர்ந்த பிளேடுதான் வளைந்து, கோட்டை விட்டு விலகி, கடைசியில் ஒடியும்.

மரம்

3 மி.மீ. பிர்ச் பிளைவுட் இந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கும். வெளிர் நிறம், நெருக்கமான இழை, உள்ளே ஓட்டை இல்லாத அடுக்குகள். லேசர் கட்டிங் தொழில் பெருகிய பிறகு இது நம் ஊர்களிலும் கிடைக்கிறது. லேசர் கடைக்காரர்களிடமே எங்கே வாங்குகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சாதாரண கமர்ஷியல் பிளைவுட்டில் நடு அடுக்கில் இடைவெளி இருக்கும். அது சரியாக மூக்கு நுனியில்தான் வெளியே தெரியும்! 3 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) மலிவு, ஒரே சீராக அறுபடும், பழகுவதற்கு நல்லது. ஆனால் மெல்லிய பாலங்கள் (துண்டுகள் விழாமல் பிடித்துக்கொள்ள நாம் விடும் குறுகிய மரப் பட்டைகள்) பிஸ்கட் போல உடையும், அதன் தூளும் மிகப் பொடியானது. எம்.டி.எஃப். அறுக்கும்போது முகக்கவசம் இல்லாமல் உட்காரவே கூடாது.

முகம் என்பதால் இழை தெரியும் அழகான மரம் வேண்டும் என்று தேக்கோ ரோஸ்வுட்டோ தேட வேண்டாம். ஒரே பலகையான மரம் இழை ஓடும் திசையில் சட்டென்று பிளந்துவிடும். பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால்தான் 2 மி.மீ. பாலம்கூட நிற்கிறது. நிறமும் முக்கியம். மரம் எவ்வளவு வெளிறி இருக்கிறதோ அவ்வளவுக்கு முகம் தூரத்திலிருந்து தெரியும்.

படம்: வேலை நடக்கும் இடம்

புகைப்படத்தைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குவோம். முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாக இருக்கும் படம் வேண்டும். நேராக ஃபிளாஷ் அடித்து எடுத்த பாஸ்போர்ட் போட்டோவில் நிழலே இருக்காது. அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் இரண்டு கண்ணும் இரண்டு மூக்குத் துளையும் மட்டும் மிஞ்சும். ஜன்னல் ஓரம் உட்கார வைத்து எடுத்த படம் அருமையாக வரும். வயதானவர்களின் முகம் எளிது, சுருக்கங்களே கோடு போட்டுக் கொடுத்துவிடும். குழந்தை முகம்தான் கடினம். வழவழப்பான கன்னத்தில் எங்கே வெட்டினாலும் வயது கூடிவிடும். பேத்தியின் படத்தில் தொடங்க ஆசை இருக்கும். அதை ஒத்திப்போட்டுவிட்டுத் தாத்தா படத்தை எடுங்கள்.

அல்லது பாரதி. இனி அவரையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

ஜிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும். படத்தைத் திறந்து, முகமும் தோளும் மட்டும் இருக்குமாறு வெட்டிக்கொள்ளுங்கள். ஏ4 அளவு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்று அமைத்தால் படம் 2480க்கு 3508 பிக்சல் இருக்கும். அப்போது 1 மி.மீ. என்பது 12 பிக்சல். இந்தக் கணக்கை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டும். நிறத்தை நீக்குங்கள். ஃபில்டர் பட்டியலில் காஸியன் பிளர் இருக்கும். அதைக் கொஞ்சமாகக் கொடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டால் அடுத்த படியில் மீன் செதில் மாதிரி ஆயிரம் புள்ளிகள் தோன்றும், அத்தனையையும் கையால் அழிக்க வேண்டிவரும்.

அடுத்து, கலர்ஸ் பட்டியலில் த்ரெஷோல்ட். அதில் ஒரு நகர்த்தி இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் கறுப்பு கூடும், மறுபக்கம் வெள்ளை கூடும். இடையில் சாம்பல் கிடையாது. ஒரே அளவில் முழு முகமும் சரியாக வருவது அபூர்வம். கண் சரியாக வரும் இடத்தில் கோட்டு மொத்தமும் ஒரே கறுப்பாக இருக்கும். கோட்டின் மடிப்பு தெரியும் இடத்தில் கண் காணாமல் போயிருக்கும். மூன்று அளவுகளில் மூன்று படம் எடுத்து, கண்ணை ஒன்றிலிருந்தும் முண்டாசை இன்னொன்றிலிருந்தும் கோட்டை மற்றொன்றிலிருந்தும் வெட்டிச் சேருங்கள். தானாகவே எல்லாம் செய்து தருவதாகச் சொல்லும் செயலிகள் இருக்கின்றன. அவை தரும் படத்தை அப்படியே அறுக்கப் போனால் மரம்தான் வீணாகும், ஏனென்றால் எந்தத் துண்டு கீழே விழும் என்பது அவற்றுக்குத் தெரியாது.

அந்தக் கீழே விழும் சமாச்சாரம்தான் இந்தக் கலையின் மையம். சாக்கு மூட்டைகளில் தகர அச்சு வைத்து எழுத்து அடிப்பார்களே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? ‘ண’வின் சுழிக்குள்ளே இருக்கும் தகரம் விழுந்துவிடாமல் இருக்க ஒரு சின்ன இடைவெளி விட்டிருப்பார்கள். அதுதான் பாலம். முகத்திலும் அதே பிரச்சினை. நாலு பக்கமும் கறுப்பு சூழ்ந்த வெள்ளை எதுவாக இருந்தாலும், கறுப்பை அறுத்ததும் அது பொத்தென்று கீழே விழும். அதைத் தீவு என்று வைத்துக்கொள்வோம்.

தீவுகளைக் கண்ணால் தேட வேண்டாம். ஜிம்ப்பில் பக்கெட் கருவியை எடுத்து, சிவப்பைத் தேர்ந்து, ஒரே நிறப் பகுதியை மட்டும் நிரப்பும் அமைப்பில் வைத்து, படத்தின் ஓர வெள்ளையில் ஒரு தட்டு தட்டுங்கள். ஓரத்தோடு இணைந்த வெள்ளை எல்லாம் சிவப்பாகிவிடும். எது இன்னும் வெள்ளையாக இருக்கிறதோ அது தீவு. ஒவ்வொன்றுக்கும் இரண்டே வழிதான்: கறுப்பாக்கி விட்டுவிடுங்கள், அல்லது பக்கத்து வெள்ளையோடு ஒரு பாலம் போடுங்கள். பாலம் 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது, அதாவது 24 பிக்சல். கை பழகியவர்கள் 1 மி.மீ. பாலம்கூட விடுவார்கள். அந்த வீரம் இப்போது வேண்டாம்.

பாலத்தை எங்கே போடுவது என்பதில்தான் முகம் முகமாக இருப்பதும் பொம்மையாகப் போவதும். நடுக் கன்னத்தில் நேராக ஒரு கம்பி போட்டால் தழும்பு போல இருக்கும். சுருக்கம், மடிப்பு, மயிர் ஓடும் திசையோடு சேர்ந்து பாலமும் வளைந்து போனால் யாருக்கும் தெரியாது.

பாரதியின் கண்களை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிமையின் கறுப்புக் கோடும் கருவிழியும் சேர்ந்து ஒரு திட்டாக இருக்கட்டும். கீழிமைக் கோட்டை முழுதாகப் போடாமல் நடுவில் உடைத்துவிடுங்கள். அந்த உடைப்பு வழியாகக் கண்ணின் வெள்ளை கன்னத்தோடு இணைந்துவிடும். கருவிழிக்குள்ளே ஒளிப்புள்ளி ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் கண் செத்துப்போகும். அதையும் பக்கவாட்டில் கண்ணின் வெள்ளையோடு ஒரு மெல்லிய கழுத்தால் சேர்த்துவிடுங்கள். படம் முழுவதிலும் 2 மி.மீ. விதியை மீற நான் அனுமதிப்பது இந்த ஓரிடத்தில் மட்டும்தான்.

மீசை ஒரே பெரிய துளை. அதன் மேல்விளிம்பும் மூக்கின் அடிநிழலும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால், மூக்கு நுனி மேலிருந்து தொங்கும் நாக்கு போல ஆகிவிடும். பலகையைத் திருப்பும்போது எதிலாவது மாட்டி ஒடியும். இரண்டுக்கும் இடையில் 2 மி.மீ. மரம் விடுங்கள். மூக்கை முழுதாகக் கோடு போட்டு வரைய வேண்டாம். இரண்டு துளையும் ஒரு பக்க நிழலும் இருந்தால் மீதியைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும். நெற்றிப் பொட்டு ஒரு சிறு துளை, கவலையே இல்லை. சிரிக்கும் முகமாக இருந்தால் பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் கோடு போட்டுவிடாதீர்கள். பற்களை ஒரே வெள்ளைப் பட்டையாக விட்டுவிட வேண்டும். கோடு போட்டால் எலும்புக்கூடு சிரிப்பது போல இருக்கும்.

முண்டாசில் வேறு சிக்கல். அது வெள்ளை, பின்னணியும் வெள்ளை. மடிப்புக் கோடுகளை மட்டும் வெட்டினால் தலை எங்கே முடிகிறது என்று தெரியாது. பின்னணி முழுவதையும் கறுப்பாக்கினாலோ, முகமே ஒரு பெரிய தீவாகி, கீழே தோளில் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். எனக்குப் பிடித்த தீர்வு: நிழல் விழும் பக்கத்தில் மட்டும் முண்டாசுக்கு வெளியே பிறை வடிவில் ஒரு கறுப்பு வெட்டு. வெளிச்சப் பக்கத்தை அப்படியே பலகையோடு கலக்க விட்டுவிடலாம். மடிப்புக் கோடுகள் நடுவில் தடித்து இரு முனையிலும் கூராக, மாவிலை மாதிரி முடிய வேண்டும். ஒரே தடிமனில் போனால் துணி கம்பி வேலி போலத் தெரியும்.

கோட்டு மொத்தமும் கறுப்பு என்பதால் அதை அப்படியே அறுத்து எடுத்துவிடத் தோன்றும். எடுத்தால் தலை எதில் நிற்கும்? கழுத்துப் பட்டை, மடிப்பு ஓரங்கள், பொத்தான் வரிசை ஆகியவற்றின் மேல் விழும் வெளிச்சத்தை 4, 5 மி.மீ. அகலக் கோடுகளாகக் கீழ்ச் சட்டம் வரை இழுத்து விடுங்கள். அவைதான் தூண்கள்.

இந்த வேலை முடிந்ததும் மறுபடி பக்கெட் சோதனை. பிறகு படத்தை அச்செடுத்து, சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். திரையில் பார்த்தது வேறு, இது வேறு. வீட்டில் யாரையாவது கூப்பிட்டு ‘யார் இது?’ என்று கேளுங்கள். யோசிக்காமல் பதில் வந்தால் மரத்துக்குப் போகலாம். அறுக்க வேண்டிய துளைகள் ஐம்பதைத் தாண்டினால், முதல் படத்துக்கு அது அதிகம். மடிப்புகளில் சிலவற்றை அழித்துவிடுங்கள்.

ஒட்டுவதும் துளைப்பதும்

3 மி.மீ. பலகை இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, ஓரங்களிலும் வெட்டு விழாத இடங்களிலும் இரட்டைப் பக்க டேப் கொடுத்து ஒட்டுங்கள். ஒரே வேலையில் இரண்டு படம் கிடைக்கும் என்பது ஒரு காரணம். முக்கியமான காரணம் வேறு: ஒற்றைப் பலகை மிக மெல்லியது, பிளேடு வெண்ணெயில் போவது போலப் போய்க் கோட்டைத் தாண்டிவிடும். 6 மி.மீ. ஆனால் கைக்கு ஒரு நிதானம் வரும். அடியில் வைப்பது வீணான எம்.டி.எஃப். துண்டாக இருந்தாலும் பரவாயில்லை.

மேல் பலகை முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் படத்தை குளூ ஸ்டிக்கால் ஒட்டுங்கள். காகிதத்தை நேரடியாக மரத்தில் ஒட்டினால் பிறகு சுரண்டியே நாள் போய்விடும். படத்தின் மேல் அகலமான செல்லோ டேப் ஒரு அடுக்கு ஒட்டுவதும் வழக்கம். அது பிளேடு உராய்ந்து மரம் கருகுவதைக் குறைக்கும்.

ஒவ்வொரு கறுப்புத் திட்டுக்குள்ளும் ஒரு துளை போட வேண்டும். 2-ஆம் எண் பிளேடுக்கு 1 மி.மீ. பிட் சரி. எலெக்ட்ரானிக்ஸ் சர்க்யூட் பலகைக்கான பிட்கள் இந்த அளவுகளில் கிடைக்கும். சென்னையில் ரிச்சி தெருவில் தேடிப் பார்க்கலாம். கையில் பிடிக்கும் மினி டிரில் என்றால் கார்பைடு பிட் வாங்காதீர்கள், கொஞ்சம் சாய்ந்தாலே டக்கென்று ஒடியும். சாதாரண எச்.எஸ்.எஸ். பிட் வளைந்து கொடுக்கும். அடியில் வீண் பலகை வைத்துத் துளைத்தால் பின்பக்கம் பிய்யாது. துளையைத் திட்டின் நடுவில் போடுவதைவிட ஒரு கூர்முனைக்கு அருகில் போடுங்கள், அறுக்கும் தூரம் மிச்சம். எல்லாத் துளைகளையும் போட்டுவிட்டு, பின்பக்கத்தை உப்புத்தாளால் ஒரு முறை தேய்த்துவிடுங்கள். துளையைச் சுற்றிக் கிளம்பிய சிராய் தட்டில் உரசினால் பலகை திக்கித் திக்கி நகரும்.

அறுப்பு

உடனே முகத்தில் கை வைக்க வேண்டாம். வீண் துண்டில் ‘ட’ போட்டு மூலை திரும்பப் பழகுங்கள், ‘ழ’ போட்டு வளைவு பழகுங்கள். கூடவே பிளேடின் சுபாவமும் தெரியவரும். அச்சில் அடித்துச் செய்யும் பிளேடுகளில் ஒரு பக்கம் பிசிறு இருக்கும், அதனால் வெட்டு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். நேராகத் தள்ளினால் கோணலாகப் போகிறது என்று மெஷினைத் திட்ட வேண்டாம். பலகையைச் சற்றே சாய்த்துத் தள்ளினால் வெட்டு நேராக வரும். எவ்வளவு சாய்ப்பு என்பதைக் கை தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

கண்ணுக்கு மூக்குக்கண்ணாடி மாதிரி ஒரு பாதுகாப்புக் கண்ணாடி, மூக்குக்கு என்95 கவசம், தோளில் தொங்கும் துண்டோ தளர்ந்த சட்டைக் கையோ கூடாது. பிளேடு ஒடிந்தால் மேல் துண்டு துள்ளிக்கொண்டிருக்கும். கையை விலக்கி, ஸ்விட்சை அணைத்த பிறகே தொடுங்கள். காலாலேயே ஓட்டவும் நிறுத்தவும் உதவும் ஃபுட் ஸ்விட்ச் கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். இந்த வேலையில் அவ்வளவு பயன் தருவது வேறொன்றும் இல்லை. இரண்டு கையும் பலகையிலேயே இருக்கும்.

வரிசை இப்படி: முகத்தின் நடுவில் இருக்கும் மிகச் சிறிய துளைகள் முதலில், வெளியே இருக்கும் பெரியவை கடைசியில். அதாவது கண், மூக்கு, பொட்டு, பிறகு மீசை, அப்புறம் முண்டாசின் மடிப்புகள், கடைசியாகக் கோட்டும் பின்னணிப் பிறையும். பெரிய துளையை முதலில் அறுத்துவிட்டால் பலகை தளர்ந்து நடுங்கும், அதன் பிறகு கண்ணை அறுக்கவே முடியாது. கண்ணிலேயே தொடங்குவதில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. கண் கெட்டுப்போனால் அங்கேயே நிறுத்திவிட்டு வேறு பலகை எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் முடித்த பிறகு கண் கெட்டால் அழுகைதான் வரும்.

பிளேடின் மேல் முனையைக் கழற்றி, துளை வழியாக நுழைத்து, மறுபடி மாட்டி, இறுக்கி, ஓட்ட வேண்டும். ஒவ்வொரு துளைக்கும் இதே சடங்கு. சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் பத்துப் பதினைந்து துளைக்குப் பிறகு கை பார்க்காமலே செய்யும்.

நடுத்தர வேகம் வையுங்கள். பலகையைத் தள்ளாதீர்கள், பிளேடு தின்னும் வேகத்துக்கு ஊட்டுங்கள். தள்ள வேண்டியிருக்கிறது என்று தோன்றினால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள். பிளைவுட்டில் இருக்கும் பசை பற்களைச் சீக்கிரம் தின்றுவிடும். ஒரு படத்துக்குப் பல பிளேடு செலவாவது சாதாரணம். பிளேடில் சிக்கனம் பார்த்தால் மரத்தில் கரி தெரியும். கோட்டிலிருந்து விலகிவிட்டால் வெடுக்கென்று திருப்பித் திரும்ப வராதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து வந்து கோட்டோடு சேர்ந்துகொள்ளுங்கள். அரை மி.மீ. விலகல் யாருக்கும் தெரியாது, திடீர்த் திருப்பம் எல்லோருக்கும் தெரியும்.

கூர்முனைகளில் ஒரே மூச்சில் திரும்பக் கூடாது. முனை வரை அறுத்துக்கொண்டு போய், அதே வழியில் பின்வாங்கி, நடுவில் உள்ள கழிவுப் பகுதியில் திரும்பி, மறு பக்கத்திலிருந்து அதே முனைக்கு வாருங்கள். இரு வெட்டும் சந்திக்கும்போது துண்டு தானே விழும், முனை ஊசி போல இருக்கும். மீசையின் முறுக்கு நுனி இப்படித்தான் வர வேண்டும்.

பாலம் ஒடிந்துவிட்டால் பதறாதீர்கள். மெஷினை நிறுத்தி, துண்டைக் கண்டுபிடித்து, ஃபெவிக்விக் ஒரு சொட்டு வைத்து அதே இடத்தில் பொருத்துங்கள். காய்ந்த பிறகு தொடரலாம். மரத்தூளைப் பெருக்கித் தள்ளும் முன் தேடுவது முக்கியம்.

முடிப்பு வேலை

இரு பலகையையும் மெல்லிய ஸ்கேலால் நெம்பிப் பிரித்து, மாஸ்கிங் டேப்பை உரியுங்கள். உரிக்கும் திசை முக்கியம்: மெல்லிய நுனிகள் இருக்கும் இடத்தில் வேரிலிருந்து நுனி நோக்கி உரிக்க வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் நுனி டேப்போடு வந்துவிடும். ஒட்டிக்கொண்டிருக்கும் பசையை டர்பன்டைன் நனைத்த துணியால் துடைக்கலாம். 220 எண் உப்புத்தாளால் பின்பக்கத்தை மெதுவாகத் தேய்த்து, பழைய பல் பிரஷால் துளைகளுக்குள் இருக்கும் தூளைத் தட்டிவிடுங்கள்.

வார்னிஷைப் பிரஷால் பூசினால் துளைகளின் ஓரத்தில் வழிந்து சொட்டாக உறையும். ஸ்பிரே லேக்கர் இரண்டு மெல்லிய அடுக்கு போதும். சிலர் ஆளிவிதை எண்ணெயில் முக்கி எடுப்பார்கள், மரத்துக்கு இளம் தேன் நிறம் வரும். எனக்கு அந்த நிறம் பிடித்தாலும் கறுப்போடு இருக்கும் வேறுபாடு குறைந்துவிடுகிறது. எண்ணெய் பயன்படுத்தினால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். கசங்கிய துணி தானே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப் போட்டபின்தான் குப்பைக்குப் போக வேண்டும்.

பின்னணிக்குக் கறுப்பு சார்ட் தாள் வேண்டாம், வெயிலில் வெளுத்துவிடும். பளபளப்பில்லாத கறுப்பு பெயின்ட் அடித்த எம்.டி.எஃப்., அல்லது கறுப்பு வெல்வெட் ஒட்டிய அட்டை நல்லது. படத்துக்கும் பின்னணிக்கும் இடையில் 3, 4 மி.மீ. இடைவெளி விட்டால் விளக்கு வெளிச்சத்தில் நிழல் விழுந்து ஆழம் தெரியும். ஆனால் முதல் படத்தை நேரடியாக ஒட்டிவிடுவதே பாதுகாப்பு, மெல்லிய பாகங்களுக்குப் பின்னால் ஒரு பிடிமானம் கிடைக்கும். ஃபெவிகாலைப் பல் குத்தும் குச்சியால் புள்ளி புள்ளியாக வையுங்கள். கூடிவிட்டால் ஓரத்தில் பிதுங்கிப் பளபளக்கும். பழைய புத்தகங்களைப் பாரமாக ஏற்றி ஓர் இரவு விட்டால் போதும். பிரேம் கடையில் கொடுக்கும்போது கண்ணாடி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மரம் தெரிய வேண்டாமா?

செய்ததை விற்கும் எண்ணம் இருந்தால், எந்தப் படத்திலிருந்து எடுத்தீர்கள் என்பதைப் பாருங்கள். இந்தியச் சட்டப்படி புகைப்படத்துக்கான பதிப்புரிமை 2012 வரை அது வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகளாக இருந்தது. அந்த ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும். 1921-இல் மறைந்த பாரதியின், அவர் காலத்திலேயே வெளியான புகைப்படம் என்றால் உரிமை எப்போதோ முடிந்துவிட்டது, சிக்கல் இல்லை. ஆனால் நாட்காட்டிகளில் நாம் பார்க்கும் பல படங்கள் பிற்காலத்து ஓவியர்கள் வரைந்தவை. ஓவியருக்கும் உரிமை அவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் உண்டு.

அடுத்த முகத்துக்குப் பெரியாரை எடுக்கலாம், தாடி மயிரின் போக்கே வெட்டுக்கு வழி சொல்லும். அம்பேத்கரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மூக்குக் கண்ணாடியின் வட்டச் சட்டத்தை முழுதாகக் கறுப்பாக வெட்டினால் உள்ளே இருக்கும் கண்ணும் சேர்ந்து தட்டின் மேல் விழுந்துவிடும். கண்ணாடியின் வட்டத்தை மூக்குப் பக்கம் ஓரிடத்திலும் காதுப் பக்கம் ஓரிடத்திலும் உடைத்துவிட்டுத்தான் அறுக்க வேண்டும்.